வைரஸின் உறையைப் பீட்ரூட்டில் பார்ப்பது எப்படி?

குன்னூர் சிம்ஸ் பார்க்குக்கு வருகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்திருப்பீர்கள். 1907-இல் தொடங்கியது, வெறிநாய்க்கடிக்காகவே வந்த இடம். நாய் கடித்தால் முதலில் காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே ஊசிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். "சோப்பு போய் வெறிநாய்க்கடி தரும் ரேபிஸ் வைரஸை என்ன பண்ணும், சித்தி?" என்று அக்கா மகள் கேட்டாள். பதில் சொல்லப் போய், பக்கத்து ஊரான கேத்தியிலிருந்து வந்த பீட்ரூட்டில் கை வைத்தோம்.

கொஞ்சம் அடிப்படை. ரேபிஸ், ஃப்ளூ, கொரோனா இவற்றுக்கெல்லாம் வெளியே ஒரு கொழுப்பு உறை உண்டு. வைரஸ் அதைச் சொந்தமாகச் செய்வதில்லை, செல்லை விட்டு வெளியேறும்போது அந்தச் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வந்துவிடுகிறது. இரண்டு அடுக்குக் கொழுப்பு, தடிமன் சுமார் 5 நானோமீட்டர், அவ்வளவுதான். இதன் வழியாகத் தண்ணீர் போய் வரும், கிளிசரின் மெதுவாக நுழையும், சர்க்கரை பெரும்பாலும் வெளியே நின்றுவிடும், உப்பின் அயனிகளுக்கு வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் மட்டும் தாராளமாகப் போய் வருவதால், வெளியே கரைசல் கெட்டியாக இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறி உறை சுருங்கும், நீர்த்திருந்தால் தண்ணீர் உள்ளே வந்து உறை உப்பிவிடும். பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதைத்தான்.

இதைக் காட்ட எல்லோரும் ஓடு கரைவதற்காக முட்டையை வினிகரில் போடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் ஓட்டுக்கு அடியில் இருக்கும் அந்தத் தோல் புரத நாரால் ஆனது, அதில் சோப்பைக் காட்டி ஒன்றும் விளக்க முடியாது. பீட்ரூட்டின் சிவப்புச் சாயமோ செல்லுக்குள் ஒரு பையில் இருக்கிறது, வெளியே வர வேண்டுமானால் நிஜமான கொழுப்புச் சவ்வைத் தாண்டியாக வேண்டும்.

முதல் வேலை, சுண்டுவிரல் அளவுக்கு ஒரே மாதிரி துண்டுகள் நறுக்கி, தண்ணீரில் சாயம் இறங்குவது நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். கத்தி பட்ட செல்களின் சாயம் எப்படியும் ஒழுகும். முதல் தடவை நான் இதைச் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன், நாலு டம்ளரும் ஒரே சிவப்பு, ஒரு மாலை வீண்.

அப்புறம் நாலு கண்ணாடி டம்ளர் எடுங்கள் (எவர்சில்வர் வேண்டாம், நிறம் தெரியாது). ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் அரை டம்ளர் தண்ணீருக்கு அரை டம்ளர் சர்க்கரை கரைத்தது, மூன்றாவதில் தண்ணீரோடு இரண்டு ஸ்பூன் பாத்திரம் தேய்க்கும் லிக்விட், நான்காவதில் சானிடைசர் அல்லது ஸ்பிரிட், இதை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எதையும் சூடாக ஊற்ற வேண்டாம், சூடே சவ்வை உடைத்துவிடும். ஒவ்வொன்றிலும் மூன்று துண்டு போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். ஊட்டி மார்கழிக் குளிரில் இன்னும் கூடவே ஆகும்: தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்தால்தான் இளகும் ஊரில், சவ்வின் கொழுப்பும் விறைத்துக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது பாருங்கள். பச்சைத் தண்ணீரில் லேசான ரோஸ் நிறம். ஸ்பிரிட்டிலும் சோப்பிலும் சாயம் கொட்டியிருக்கும், சவ்வு குலைந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீரில் கிடந்த துண்டை எடுத்து வளைத்தால் வாடிய முருங்கைக்காய் மாதிரி வளையும். தண்ணீரை மட்டும் இழந்திருக்கிறது. அதையே பச்சைத் தண்ணீரில் போட்டுவையுங்கள், கொஞ்ச நேரத்தில் பழையபடி விறைக்கும், வெடிக்காது. செல்லுக்குச் சவ்வைச் சுற்றி ஒரு சுவரும் இருப்பதுதான் காரணம்.

வைரஸுக்கு அந்தச் சுவர் கிடையாது. கொழுப்புச் சவ்வு தன் பரப்பில் நூற்றுக்குச் சில பங்குதான் இழுபடும், அதற்கு மேல் கிழியும். நம் உடம்பின் நீருக்கு இணையான 0.9 சதவீத உப்புக் கரைசலில் வைரஸ் நிம்மதியாக இருக்கும். கிளிசரினில் வெகுநேரம் ஊறவிட்டுத் திடீரென்று வெறும் தண்ணீரில் போட்டால், உள்ளே நுழைந்த கிளிசரின் வெளியேறுவதற்குள் தண்ணீர் பாய்ந்து உறை கிழியலாம். படிப்படியாக நீர்க்க வைத்தால் அந்த அதிர்ச்சி குறையும்.

சரி, அப்படியானால் காயத்துக்கு வெறும் தண்ணீர் போதுமே என்று அக்கா மகள் மடக்கினாள். போதாது. லேசாக உப்பினால் உறை தாங்கிக்கொள்ளும், பறவைக் காய்ச்சல் வைரஸ் குளிர்ந்த ஏரித் தண்ணீரில் நாள்கணக்கில் உயிர்ப்போடு இருப்பது தெரிந்த விஷயம். சோப்பு தண்ணீரை உள்ளே அனுப்பி வெடிக்க வைப்பதில்லை, கொழுப்போடு கலந்து உறையையே கரைத்துவிடுகிறது. உறையே இல்லாத போலியோ வைரஸிடம் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது, அங்கே கழுவித் தள்ளுவதுதான் லாபம்.

முடித்ததும் சோப்பிலும் ஸ்பிரிட்டிலும் கிடந்த துண்டுகளைக் குப்பையில் போடுங்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்துவிடாதீர்கள். சர்க்கரையில் ஊறியதை நாங்கள் அல்வாவில் சேர்த்துவிட்டோம்.