லேஅவுட்டுக்கு டேபிளா, சிஎஸ்எஸ்ஸா?

பாண்டில கெஸ்ட் ஹவுஸு, ஸ்கூட்டர் வாடகை கடை, கடலூர்ல லாட்ஜு, மண்டபம்னு தெரிஞ்சவங்களுக்கு வெப்சைட் பண்ணி குடுக்கறவங்கள்ல இன்னும் சில பேரு முழு பக்கத்தோட லேஅவுட்டையும், அதாவது எது எங்க நிக்கணும்ங்கற அமைப்பையும், சிஎஸ்எஸ்ங்கற ஸ்டைல் மொழில எழுதாம ஒரு பெரிய டேபிளுக்குள்ள அடைச்சுடறாங்க, கேட்டா டக்குனு முடியுதுங்கறாங்க. கம்ப்யூட்டர்ல பாத்தா முடிஞ்ச மாதிரிதான் இருக்கும். ஆனா ரூம் தேடறவரு ஈசிஆர்ல பஸ்ல வரும்போதே போன்ல தட்டி பாக்கறாரு, அங்கதான் சிக்கல்.

எத எப்ப போடணும்னு தெரிஞ்சிக்க ஒரு சின்ன சோதனை போதும். ஒவ்வொரு காலத்துக்கும் (column, மேலிருந்து கீழ வர்ற பத்தி) மேல ஒரு தலைப்பு எழுத முடியுதானு பாருங்க. ரூம் வகை, ஏசி உண்டா, வார நாள் வாடகை, சனி ஞாயிறு வாடகை... எழுத முடியுதுல்ல, அப்ப யோசிக்காம டேபிள் போடுங்க. தலைப்பு கட்டத்துக்கு டிஎச் (th) டேக், அதுல அந்த தலைப்பு காலத்துக்கா வரிசைக்கானு சொல்ற ஸ்கோப்பும் (scope) குடுத்துடுங்க, திரைல இருக்கறத சத்தமா படிக்கற ஸ்கிரீன் ரீடர் வச்சு கேக்கறவருக்கு வெறும் நம்பர மட்டும் படிக்காம அது எந்த தலைப்புக்கு கீழ வருதுனும் சேத்து சொல்லும். சிஎஸ்எஸ்தான் மாடர்னுனு இந்த ரேட் லிஸ்ட்டையும் டிவ்வா (div, வெறும் பெட்டி) அடுக்கறவங்க இருக்காங்க, அது இன்னும் கொடுமை.

அதே இது, இடது பக்கம் மெனு, நடுவுல ஒயிட் டவுன் போட்டோ, வலது பக்கம் போன் நம்பர்னு இருந்தா என்ன தலைப்பு எழுதுவீங்க? ஒண்ணும் வராது. அது வெறும் அமைப்புதான், சிஎஸ்எஸ் வேலை.

பழைய ஆளுங்கள குறை சொல்லவும் முடியாது. சிஎஸ்எஸ் முதல் வெர்ஷன் 1996 டிசம்பர்லயே வந்துடுச்சு, ஆனா அன்னைக்கு இருந்த ப்ரௌசருங்க ஒண்ணு ஒரு மாதிரி காட்டுச்சு, அதனால டேபிள்தான் கதின்னு இருந்தாங்க, அப்புறம் பெட்டிய ஒரு பக்கமா ஒதுக்கற ஃப்ளோட்ட (float) வச்சு கொஞ்ச வருஷம் மல்லு கட்டுனாங்க. 2017 மார்ச்ல குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூணுலயும் சிஎஸ்எஸ்லயே வரிசை, காலம் பிரிக்கற கிரிட் (grid) வந்துடுச்சு, அதுக்கப்புறம் லேஅவுட்டுக்கு டேபிள் போட காரணமே இல்ல.

இப்ப மஞ்சக்குப்பத்துல ஒரு லாட்ஜுனு வச்சுப்போம். எப்படி வரணும்னு சொல்ற பக்கத்துல பஸ் ஸ்டாண்டு, திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன், சில்வர் பீச்னு மூணு பெட்டி. டேபிள்ல போட்டா அந்த நடு காலம் 'திருப்பாதிரிப்புலியூர்'ங்கற வார்த்தைய விட சின்னதா சுருங்கவே சுருங்காது, 360 பிக்சல் போன்ல பக்கமே வலது பக்கம் பிதுங்கிடும். கிரிட்டுக்கு மாத்துனா தானா சரியாயிடும்னு நெனைக்காதீங்க, காலத்துக்கு வெறும் 1 எஃப்ஆர்னு (1fr, இருக்கற எடத்துல ஒரு பங்கு) குடுத்தா அதுவும் அந்த வார்த்தைக்கு கீழ எறங்காது. மின்மேக்ஸ் போட்டு உள்ள 0, 1 எஃப்ஆர்னு குடுங்க, minmax(0, 1fr), அதாவது கொறஞ்சது 0, அதிகபட்சம் ஒரு பங்கு. அப்ப காலம் சுருங்கும், ஆனா வார்த்தை வெளிய நீட்டிக்கிட்டு பக்கத்து பெட்டி மேல ஏறும், அத தடுக்க ஓவர்ஃப்ளோ ராப்புக்கு எனிவேர் (overflow-wrap: anywhere) குடுத்தா வார்த்தைய கண்ட எடத்துல ஒடச்சுடும், தமிழ்ல அது பாக்க சகிக்காது. அதனால நான் சொல்றது, மொதல்ல போனுக்குனு ஒரே காலமா எழுதுங்க, ஸ்கிரீன் அகலத்த பாத்து ஸ்டைல மாத்தற மீடியா கொரி (media query) வச்சு 700 பிக்சலுக்கு மேல போனா மட்டும் மூணு காலம். ஒரே காலம் ஆகும்போது எச்டிஎம்எல்ல எது மேல இருக்கோ அதுதான் மொதல்ல தெரியும், அதனால போன் நம்பர மேலயே எழுதிடுங்க.

மெனு, பட்டன் மாதிரி ஒரே வரிசைல நிக்கறதுக்கு சிஎஸ்எஸ்ல ஃப்ளெக்ஸ் (flex) போதும், எடம் பத்தலனா அடுத்த வரிக்கு போக ராப் (flex-wrap) ஆன் பண்ணிடுங்க. ரேட் டேபிள் போன்ல அகலமா இருந்தா அத சுத்தி ஒரு டிவ் போட்டு அதுக்கு ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஆட்டோ (overflow-x: auto) குடுங்க, டேபிள் மட்டும் பக்கவாட்டுல நகரும், டேபிளோட டிஸ்ப்ளேவ பிளாக்குனு மாத்தாதீங்க, சில ப்ரௌசர்ல அது டேபிள்ங்கறதே ஸ்கிரீன் ரீடருக்கு தெரியாம போயிடும்.

ஒரே ஒரு எடத்துல மட்டும் இதெல்லாம் செல்லாது. புக்கிங் கன்ஃபர்ம் ஆனதும் அனுப்பற மெயில். விண்டோஸ்ல பழைய டெஸ்க்டாப் அவுட்லுக் 2007 வெர்ஷன்ல இருந்து வேர்டோட இன்ஜின வச்சுதான் மெயில காட்டுது, கிரிட், ஃப்ளெக்ஸ் ரெண்டும் அதுக்கு தெரியாது. அங்க 600 பிக்சல் அகலத்துல டேபிளே போடுங்க, ஸ்டைல அந்தந்த டேக்லயே எழுதுங்க, இது வெறும் அமைப்புக்கான டேபிள்தான்னு ஸ்கிரீன் ரீடருக்கு தெரிய டேபிள் டேக்ல ரோல் பிரசன்டேஷன்னு (role="presentation") சேத்துடுங்க.