வீட்டு சிஸ்டம்ல சிதறிக் கெடக்குற போட்டோவ தேதி வாரியா அடுக்குறது எப்படி (புதுசா செய்றவங்களுக்கு)

மாமா தவறி ஒரு வருசம் ஆவப்போவுது, தெவசத்துக்கு மூணு நாள் இருக்கும்போது அத்தை வந்து, "டேய், திருவொத்தியூர் கோயில் வாசல்ல வேட்டி சட்டையோட நின்னுகினு இருப்பாரே உங்க மாமா, அந்த போட்டோவ எடுத்துக் குடுடா, பிரேம் போடணும்"னு கேட்டாங்க. அஞ்சு நிமிசம் இரு அத்தைன்னுட்டு சிஸ்டம் முன்னாடி உக்காந்தவன் தான், ராத்திரி ஒரு மணிக்கு எழுந்தேன். புது போல்டர், புது போல்டர் 2, அக்கா கல்யாணம், அக்கா கல்யாணம் புதுசு, போன் பேக்கப், இத அழிக்காத... எல்லாத்தையும் தொறந்து பாத்து கடைசில வாட்ஸ்அப்ல வந்த காப்பி ஒண்ணு தான் கெடச்சுது. அத எடுத்துக்கினு தண்டையார்பேட்டைல நம்ம தெருமுனை ஸ்டுடியோக்கு போனா அண்ணன் பாத்துட்டு, "தம்பி, இத 12க்கு 18ல போட்டா மூஞ்சி கட்டம் கட்டமா வரும்"னுட்டாரு. அவர் சொன்னது கரெக்ட் தான். அந்த காப்பில நீள பக்கம் 1600 புள்ளி (பிக்சல்) தான் இருந்துச்சு, 18 இன்ச்சுக்கு இழுத்தா இன்ச்சுக்கு 89 புள்ளி கூட வராது, பிரிண்ட் நல்லா வரணும்னா 200ஆவது இருக்கணும், அதாவது 3600. தெவசத்துக்கு வேற ஒரு போட்டோவ வச்சு ஒப்பேத்துனோம்.

அதுக்கப்புறம் ஒரு மாசம், ஞாயித்துக்கெழமல காசிமேட்டுல மீன் வாங்கினு வந்து குடுத்துட்டு மிச்ச நேரம் பூரா இதே வேல. நான் பண்ண தப்புங்களையும் சேத்தே எழுதுறேன். விண்டோஸ் சிஸ்டத்த வச்சு தான் சொல்றேன்.

மொதல்ல எதையும் அழிக்காதீங்க, பேரும் மாத்தாதீங்க

எல்லாரும் பண்ற மொத தப்பு, உக்காந்த உடனே வேணாத போட்டோவ அழிக்க ஆரம்பிக்கிறது. வேணாம். மொதல்ல ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் வாங்குங்க, முடிஞ்சா ரெண்டு. ஒரு போட்டோ 4 எம்பின்னு வச்சா கூட 1 டிபில ரெண்டரை லட்சம் போட்டோ புடிக்கும், ஒரு குடும்பத்துக்கு தாராளம். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குறீங்கன்னா பில்லும் வாரண்டி கார்டும் கேட்டு வாங்குங்க, வெலைய விட அது முக்கியம்.

அதுல "மூட்டை"னு ஒரு போல்டர் போடுங்க. பழைய போன், மெமரி கார்டு, பென்ட்ரைவ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாத்துலருந்தும் போட்டோவ அதுக்குள்ள காப்பி பண்ணுங்க. கட் இல்ல, காப்பி. ஒவ்வொண்ணுக்கும் உள்ள தனி போல்டர்: அம்மா போன், பழைய கேமரா கார்டு, அக்கா பென்ட்ரைவ், இந்த மாதிரி எங்கருந்து வந்துச்சோ அந்த பேரு. ஏன்னா கேமரா 9999 வரைக்கும் எண்ணிட்டு திரும்ப 0001லருந்து ஆரம்பிக்கும், அப்ப ஒரே பேர்ல ரெண்டு வேற வேற போட்டோ இருக்கும், ஒரே போல்டர்ல கொட்டுனா விண்டோஸ் "ரீப்ளேஸ் பண்ணவா"ன்னு கேக்கும், நாம தூக்க கலக்கத்துல ஆமான்னு அமுக்குவோம், ஒரு போட்டோ காலி. நான் அப்படி அமுக்கி தான் அக்கா பொண்ணு காது குத்துல பாதிய தொலச்சேன், நல்லவேள ஒரிஜினல் கார்டுல இருந்துச்சு. அந்த கேள்வி வந்தா ரெண்டு பைலையும் ஒப்பிட்டு பாக்குற ஆப்ஷன எடுத்து ரெண்டுத்துலயும் டிக் அடிங்க, இன்னொன்னுக்கு பின்னாடி (2)ன்னு போட்டு ரெண்டையும் வச்சுக்கும்.

எந்த தேதிய நம்புறது

இது தான் மெயின் மேட்டர், இது புரிஞ்சா மிச்சம் சும்மா கை வேல. ஒரு போட்டோ பைலுக்கு மூணு தேதி இருக்கும். கிரியேட்டட்னு ஒண்ணு, அது இந்த டிஸ்க்குக்கு எப்ப வந்து சேந்துச்சுங்கறது, இன்னைக்கு காப்பி பண்ணா இன்னைக்கு தேதி. மாடிஃபைட்னு ஒண்ணு, பைல கடைசியா எப்ப தொட்டு சேவ் பண்ணோம்ங்கறது. அதனால தான் சில பைல் "மாத்துன" தேதி "பொறந்த" தேதிக்கு முன்னாடி இருக்கும், பாத்தா கிறுக்கு புடிச்ச மாதிரி இருக்கும், ஆனா சிஸ்டத்துல கோளாறு ஒண்ணும் இல்ல. மூணாவது டேட் டேக்கன், அது கேமராவோ போனோ க்ளிக் பண்ண நொடில போட்டோவுக்குள்ளயே எழுதி வைக்கிறது, எக்ஸிஃப்னு சொல்லுவாங்க. எத்தன தடவ காப்பி பண்ணாலும் அது மாறாது. நமக்கு வேண்டியது இது மட்டும் தான்.

அத பாக்க, போல்டர தொறந்து வியூல டீடெய்ல்ஸ் எடுங்க, மேல நேம், சைஸ்னு போட்ருக்குற வரிசைல ரைட் கிளிக் பண்ணி டேட் டேக்கன டிக் பண்ணுங்க. மேல வந்து நிக்கிற டேட் டேக்கன்ங்கற தலைப்ப ஒரு தட்டு தட்டுனா எல்லாம் வரிசையா நின்னுடும். மூட்டை போல்டர்ல மேல இருக்க தேடுற பெட்டில ஸ்டார் போட்டு, புள்ளி வச்சு, ஜேபிஜின்னு இங்கிலீஷ்ல அடிச்சா உள் போல்டர்ல இருக்குற ஜேபிஜி போட்டோ எல்லாமே ஒரே லிஸ்ட்டா வரும். வீடியோவுக்கு டேட் டேக்கன் எடம் காலியா இருக்கும், அதுக்கு மீடியா கிரியேட்டட்னு வேற தலைப்பு இருக்கு.

அப்பால "போட்டோ"ன்னு தனியா ஒரு போல்டர், அதுக்குள்ள 2016, 2017ன்னு வருசம், வருசத்துக்குள்ள 01லருந்து 12 வரைக்கும் மாசம். 1, 2ன்னு போடாம 01, 02ன்னு போடுங்க, இல்லன்னா சில எடத்துல 1க்கு அடுத்து 10 வந்து நிக்கும். லிஸ்ட்லருந்து ஒரு மாசத்த மொத்தமா செலக்ட் பண்ணி காப்பி பண்ணி அந்த மாச போல்டர்ல போடுங்க. மூட்டை அப்படியே இருக்கட்டும், எல்லாம் முடிஞ்சு பேக்கப்பும் எடுத்த பொறவு அழிச்சுக்கலாம்.

ஏன் கல்யாணம், பொங்கல், டூர்னு பேர் வைக்கலன்னு கேப்பீங்க. எங்க வீட்ல அந்த வெளாட்டு தான் பேஜாரு. நான் "மகாபலிபுரம்"னு வச்சத அக்கா "பசங்க லீவு"ன்னு தேடும், அம்மா "உங்கப்பாக்கு காய்ச்சல் வந்துச்சே அந்த டைம்"னு கேக்கும். தேதிக்கு சண்டையே கெடயாது. வேணும்னா மாச போல்டருக்குள்ள ஒண்ணு ரெண்டு பேர் வச்சுக்கோங்க.

தேதியே இல்லாததும், தப்பான தேதியும்

வாட்ஸ்அப்ல வந்த போட்டோல டேட் டேக்கன் காலியா இருக்கும், அனுப்பும்போதே சைஸ சுருக்கி உள்ள எழுதுனதயும் தொடச்சுடுது. ஆனா பேர பாருங்க, நடுவுல 20191205ன்னு எட்டு நம்பர் இருக்கும், 2019 டிசம்பர் 5. உஷாரு, அது போன்ல வந்து சேந்த தேதி, எடுத்த தேதி இல்ல. யாரோ பத்து வருச பழச இன்னைக்கு அனுப்புனா இன்னைக்கு தேதி தான் காட்டும். இனிமே சொந்தக்காரங்க கிட்ட போட்டோ கேட்டா "டாக்குமெண்ட்டா அனுப்பு"ன்னு சொல்லுங்க, அப்படி வந்தா ஒரிஜினல் சைஸும் தேதியும் அப்படியே வரும்.

பிரிண்ட் போட்டோவ ஸ்கேன் பண்ணுனதுக்கு ஸ்கேன் பண்ண நாள் தான் தேதின்னு நிக்கும். ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ்ல போயி டேட் டேக்கன்ல சரியான தேதிய அடிக்கலாம், பத்து போட்டோவ சேத்து செலக்ட் பண்ணி ஒரே தடவைல கூட பண்ணலாம். நாள் தெரியலன்னா அந்த மாசம் 1ஆம் தேதி போடுங்க. ஸ்கேன் பண்றவங்க 4க்கு 6 பிரிண்ட்ட 600 டிபிஐல (இன்ச்சுக்கு 600 புள்ளி) எடுங்க, 2400க்கு 3600 புள்ளி வரும், மாமா பிரேம் சைஸுக்கு சரியா போதும். கடலோரத்து ஈரக்காத்துல நம்ம பக்கம் பழைய ஆல்பம்லாம் பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கும், பிச்சு இழுக்காதீங்க, வரலன்னா ஆல்பத்தோடயே வச்சு போட்டோ புடிச்சுடுங்க.

இப்ப நம்ம மாமா மேட்டர். வரிசையா அடுக்கினு வரும்போது 2008 ஜனவரில ஒரு நூறு போட்டோ இருந்துச்சு. அதுல அக்கா பொண்ணு கேக் வெட்டுது. அந்த பாப்பா பொறந்ததே 2012ல! அப்புறம் தான் புரிஞ்சுது, அந்த டிஜிட்டல் கேமராவ ரொம்ப நாள் சார்ஜ் இல்லாம போட்டு வச்சுருந்தோம், தேதி தானா ஆரம்பத்துக்கு போயிருக்கு, ஆன் பண்ணும்போது யாரும் மாத்தல. இந்த மாதிரி இருந்தா ஒவ்வொண்ணா திருத்தாதீங்க. தேதி தப்பே தவிர எல்லா போட்டோவும் ஒரே அளவுக்கு தான் தப்பு, அதனால ஒரே ஒரு போட்டோவுக்கு நெஜ நேரம் தெரிஞ்சா மொத்தத்தயும் தள்ளிடலாம். கேக் போட்டோல பின்னாடி செவுத்து கடிகாரம் 7.10 காட்டுது, பர்த்டேவ 2016 பிப்ரவரி 20 சாயங்காலம் கொண்டாடுனோம். கேமரா சொல்றது 2008 ஜனவரி 5 காலைல 11.10. வித்தியாசம் 2968 நாள், 8 மணி நேரம்.

இதுக்கு டிஜிகாம்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, ஃப்ரீ தான், காசு கேக்காது. இறக்கி இன்ஸ்டால் பண்ணி உங்க போட்டோ போல்டர காட்டுங்க. தப்பான போட்டோ எல்லாத்தயும் செலக்ட் பண்ணி ஐட்டம் மெனுல அட்ஜஸ்ட் டைம் அண்ட் டேட் போனா, இத்தன நாள் இத்தன மணி கூட்டுன்னு குடுக்கலாம். கணக்கு வரலன்னா கடிகாரம் தெரியிற போட்டோவ காட்டி நெஜ நேரத்த அடிச்சா அதுவே கழிச்சு பாத்துக்கும், அந்த வசதியும் அதுக்குள்ளயே இருக்கு.

தள்ளி விட்டேன். அதே குவியல்ல கோயில் வாசல் போட்டோ, வேட்டி சட்டைல மாமா, 2016 பிப்ரவரி 22 காலைல 6.40ன்னு வந்து நின்னுச்சு. அன்னைக்கு தான் கும்பகோணத்துல மகாமகம். ஊரே அங்க போவுது, "அந்த கூட்டத்துல நான் வரல, நம்ம வடிவுடையம்மன் போதும்"னு மாமா திருவொத்தியூர் போனாருன்னு அத்தைக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. தேதி கரெக்ட்டுன்னு அதுக்கு மேல யாரு சாட்சி சொல்லணும்.

டபுள் டபுளா இருக்குறது

இதயும் டிஜிகாம்லயே ஃபைண்ட் டூப்ளிகேட்ஸ் வச்சு பாத்துக்கலாம். ஒரே போட்டோ ரெண்டு இருந்தா சைஸ் பெருசா இருக்குறத வச்சுக்கோங்க, 3 எம்பிக்கு பக்கத்துல 150 கேபி இருந்தா சின்னது வாட்ஸ்அப் காப்பி தான். ஆட்டோமேட்டிக்கா அழிக்கிறதுக்கு விடாதீங்க. கல்யாண போட்டோல அடுத்தடுத்த நொடில எடுத்தது எல்லாம் அதுக்கு ஒண்ணு மாதிரி தான் தெரியும், ஒண்ணுல கண்ண மூடிருப்பாங்க, ஒண்ணுல தொறந்துருப்பாங்க.

அடிக்கடி வர்ற கோளாறு சிலது

ஐபோன் போட்டோ தொறக்கலன்னா அது ஹெச்இஐசி டைப்பு, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல ஹீஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் போடுங்க, அப்பவும் தொறக்கலன்னா ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸும் வேணும். இனிமே எடுக்குறது ஜேபிஜியா வரணும்னா போன்ல செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ்ல மோஸ்ட் கம்பேட்டிபிள்.

படமே தெரியாம வெறும் ஐக்கானா இருந்தா, போல்டர் ஆப்ஷன்ஸ்ல வியூ பக்கத்துல எப்பவும் ஐக்கான் மட்டும் காட்டுன்னு ஒரு டிக் இருக்கும், அத எடுத்துடுங்க. அப்பவும் வரலன்னா டிஸ்க் க்ளீனப்ல தம்ப்நெயில்ஸ மட்டும் டிக் பண்ணி தொடைங்க, போட்டோ போவாது, குட்டி படத்த புதுசா செஞ்சுக்கும்.

பென்ட்ரைவ்ல எடம் இருக்கு, ஆனா கல்யாண வீடியோ மட்டும் பெரிய பைலுன்னு ஏற மாட்டேங்குதுன்னா அது ஃபேட்32ங்கற பழைய மொறைல ஃபார்மேட் ஆயிருக்கு, அதுல ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல போவாது. உள்ள இருக்குறத வேற எடத்துக்கு மாத்திட்டு எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணுங்க.

போட்டோ மேல பாதி நல்லா இருந்து கீழ சாம்பல் கலர்ல இருந்தா காப்பி பாதில அறுந்துருக்கு. திரும்ப கார்டுலருந்து எடுங்க. இதுக்கு தான் காப்பி முடிஞ்சு செக் பண்ற வரைக்கும் கார்ட தொடாதீங்கன்னு சொல்றது.

கார்டுல தெரியாம அழிச்சுட்டீங்கன்னா, அந்த நொடியே கார்ட கேமராலருந்து கழட்டிடுங்க. அதுல புதுசா ஒண்ணு எடுத்தாலும் பழசு மேல எழுதும். ஃபோட்டோரெக்னு ஃப்ரீ சாப்ட்வேர் வச்சு மீட்கலாம், மீட்ட பைல கண்டி அதே கார்டுல சேவ் பண்ணிடாதீங்க, வேற டிஸ்க்குல போடுங்க. பேரெல்லாம் போயி நம்பர் நம்பரா வரும், பயப்படாதீங்க, உள்ள டேட் டேக்கன் இருக்கும், மேல சொன்ன மாதிரி வரிசை கட்டிக்கலாம்.

ஹார்ட்டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டா மட்டும் சாப்ட்வேர் வித்தை எதுவும் காட்டாதீங்க, உடனே ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெகவரி பண்றவங்க கிட்ட கொண்டு போங்க.

பேக்கப்ப வேற வீட்ல வைங்க

ரெண்டு டிஸ்க்கயும் ஒரே பீரோல வச்சா அது பேக்கப்பே இல்ல. 2015 டிசம்பர் மழைல வியாசர்பாடில சித்தப்பா வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு, சிபியு தரைல, பேக்கப் டிஸ்க் அதே மேஜையோட கீழ் டிராயர்ல, ரெண்டும் சேந்து முழுகிடுச்சு. அதனால நம்ம வீட்ல இருக்குறது பரண் மேல, இன்னொண்ணு பெரம்பூர்ல அக்கா வீட்ல மூணாவது மாடில. ஆடில கூழ் ஊத்த அக்கா வரும்போது ஒரு தடவ, பொங்கலுக்கு ஒரு தடவ, டிஸ்க்க மாத்திக்குவோம். கூகுள் ஃபோட்டோஸ்ல இருக்கேன்னு நெனச்சா, 2021 ஜூன் 1லருந்து ஏத்துற போட்டோ எல்லாம் அந்த 15 ஜிபி கணக்குல தான் சேரும், மெயிலும் அதுலயே.

மாமா ஒரிஜினல் 3648க்கு 2736 புள்ளி, 12க்கு 18 தாராளமா வந்துச்சு, கொஞ்சம் மேலயும் கீழயும் வெட்ட வேண்டியதாச்சு அவ்ளோ தான். அத்தை பழைய பிரேம கழட்டிட்டு இத மாட்டிட்டாங்க. இப்ப "கல்யாணத்துல எடுத்த கருப்பு வெள்ள ஒண்ணு இருக்கும்டா"ன்னு அடுத்தத ஆரம்பிச்சுட்டாங்க, ஸ்கேனர வெளிய எடுக்கணும்.