மாரடைப்பு வந்தவரின் ரிப்போர்ட்டில் எல்டிஎல்: அச்சான எண்ணைச் சரிபார்ப்பது எப்படி?

ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் ஆனவர், பக்கவாதம் வந்தவர் ஆகியோருக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) எண்ணில் பத்து பிசகினாலும் மருந்தின் அளவு மாறிப்போகும். காரைக்குடியானாலும் தேவகோட்டையானாலும் பல லேப்களில் அந்த எண்ணை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம்தான் அந்தக் கணக்கு. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லை (நல்ல கொலஸ்ட்ரால்) கழித்து, ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும்.

சிக்கல் அந்த ஐந்தில் ஒரு பங்கில்தான். ட்ரைகிளிசரைடு ஏற ஏற, அதைச் சுமக்கும் துகளில் கொலஸ்ட்ராலின் பங்கு சுருங்கும். சூத்திரமோ பழைய விகிதத்திலேயே கழிக்கும். கழிக்க வேண்டியதைவிட அதிகம் கழிவதால் எல்டிஎல் குறைந்து தெரியும். கல்யாண வீட்டில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் சாப்பிட்ட கையோடு ரத்தம் கொடுத்தால் எல்டிஎல் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்கிட்ட எல்டிஎல் அப்போது குறையவே செய்யும். அதனால்தான் இது ஆபத்தானது.

ஒரு உதாரணம். மாரடைப்பு வந்த அப்பச்சியின் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 148, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 310 (எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்) என்று வைத்துக்கொள்வோம். 310-ஐ 5-ஆல் வகுத்தால் 62. 148-லிருந்து 38-உம் 62-உம் போனால் எல்டிஎல் 48. மாரடைப்பு வந்தவருக்கு 55-க்குக் கீழே வேண்டும் என்பது ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2019 வழிகாட்டுதல். இலக்கைத் தொட்டாயிற்று என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். இதே எண்களை 2020-இல் வந்த சாம்ப்சன் சூத்திரத்தில் போட்டால் 61 வருகிறது. இலக்கைத் தொடவில்லை.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள்: 148 − 38 = 110. இதற்கு நான்-எச்டிஎல் என்று பெயர். ட்ரைகிளிசரைடு இந்தக் கணக்கில் வராது, சாப்பிட்டிருந்தாலும் பெரிதாக மாறாது. மாரடைப்பு வந்தவருக்கு இது 85-க்குக் கீழே இருக்க வேண்டும். 110 என்பது தெளிவாக அதிகம். ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல் இருந்து எல்டிஎல் 70-க்குக் கீழே காட்டினால், இந்தக் கழித்தலைப் போடாமல் மாத்திரையைக் குறைக்கும் பேச்சே வேண்டாம். 400-ஐத் தாண்டிவிட்டால் ஃப்ரீட்வால்ட் கணக்கே செல்லாது. வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள், அல்லது நேரடி எல்டிஎல் அளவு கேளுங்கள்.

ரத்தம் கொடுக்கும்போது: 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருங்கள், தண்ணீர் குடிக்கலாம். முந்தின நாள் மது வேண்டாம். டெஸ்ட்டுக்காக ஸ்டாட்டினை (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) நிறுத்தக் கூடாது. சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எப்போது என்பதை மட்டும் டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். நடந்து வந்தவுடன் கையை நீட்டாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். ரத்தம் எடுப்பவர் கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்திவிட வேண்டும். நேரமானால் ரத்த நீர் நாளத்துக்கு வெளியே கசிந்து கொலஸ்ட்ரால் கூடுதலாகக் காட்டும்.

மாரடைப்போடு ஆஸ்பத்திரியில் சேர்த்தவருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு எல்டிஎல் தானாகவே இறங்கி, சில வாரங்களுக்குத் தாழ்ந்தே இருக்கும். மருந்து தொடங்கியோ மாற்றியோ 4 முதல் 12 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், முடிந்தவரை அதே லேப்பில்.

மலேசியாவில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருபவர்கள் கொண்டுவரும் ரிப்போர்ட் மில்லிமோல் என்ற வேறு அலகில் இருக்கும். மில்லிகிராமுக்கு மாற்ற, கொலஸ்ட்ரால் எண்களை 38.7-ஆலும் ட்ரைகிளிசரைடை மட்டும் 88.6-ஆலும் பெருக்குங்கள். எல்லாவற்றையும் 38.7-ஆல் பெருக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

இன்னும் ஒன்று: லிப்போபுரோட்டீன் (ஏ), எல்டிஎல்லைப் போலவே ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் ஒரு துகள். சாதாரண லிப்பிட் (கொழுப்பு) டெஸ்ட்டில் இது தனியாக வராது. பெரும்பாலும் பரம்பரையால் வருவது என்பதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல். மருந்து தொடங்கும் முன்பே எல்டிஎல் 190-ஐத் தொட்டவராக இருந்தால், கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் லிப்பிட் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.