நாள்பட்ட நோயாளிகளிடம் ஸ்லீப் ஆப்னியாவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றுபோவதும், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவதும், உடல் திடுக்கிட்டு மீள்வதும் இரவு முழுவதும் மாறிமாறி நடப்பதே ஸ்லீப் ஆப்னியா. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, பக்கவாதம், நாள்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை உள்ளவர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம். ஆயினும் அவர்களிடம்தான் இது எளிதில் கண்ணில் படாமல் போகிறது, ஏனெனில் அவர்களுடைய ஒவ்வொரு தொல்லைக்கும் ஏற்கெனவே ஒரு காரணம் கையில் இருக்கிறது.

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுபவரிடம் சர்க்கரை என்கிறோம். வயதான ஆண் என்றால் புராஸ்டேட் என்கிறோம். மூச்சு அடைபடும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுவிசையால் இதயத்தின் மேலறைகள் விரிந்து, சிறுநீரைப் பெருக்கும் ஒரு ஹார்மோன் சுரக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் இரவில் எழுவது குறையவில்லை என்றால், தூக்கத்தைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும். காலைத் தலைவலியை ரத்தக் கொதிப்பின் கணக்கிலும், ஓயாத அசதியை டயாலிசிஸின் கணக்கிலும் எழுதிவிடுவதும் இதே தவறுதான். நீர் வெளியேற்றும் மாத்திரை உட்பட மூன்று மருந்துகள் எடுத்தும் அழுத்தம் இறங்காத நோயாளிக்கு நான்காவது மருந்தை எழுதுமுன், அவர் எப்படி உறங்குகிறார் என்று கேட்பது என் பார்வையில் கட்டாயம்.

அடுத்த தவறு, வினாத்தாளின் கூட்டுத்தொகையை அப்படியே நம்புவது. பரவலாகப் பயன்படும் ஸ்டாப்-பேங் என்னும் எட்டுக் கேள்விகள், 2008-இல் கனடாவின் டொராண்டோவில் மயக்க மருந்து நிபுணர்கள் அறுவை சிகிச்சைக்கு வருவோருக்காக வகுத்தவை. அதில் 3 மதிப்பெண் வந்தாலே நடுத்தர அபாயம். 5-ம் அதற்கு மேலும் உயர் அபாயம். ரத்தக் கொதிப்புள்ள 60 வயது ஆண் ஒருவர் வாயைத் திறக்குமுன்பே வயது, பால், கொதிப்பு என மூன்றைப் பெற்றுவிடுகிறார். மாறாக, சர்க்கரை நோயுள்ள 45 வயதுப் பெண்ணுக்கு வயதிலும் பாலிலும் மதிப்பெண் கிடையாது. உடல் நிறை குறியீடு 31 என்றாலும், அந்த வினாத்தாள் 35-க்கு மேல்தான் கணக்கில் கொள்கிறது. இந்தியர்களுக்கு 25-லேயே உடல் பருமன் தொடங்குவதாகக் கொள்ளும்போது இந்த அளவு நமக்குப் பொருந்தாது. மேலும், பெண்கள் குறட்டையைவிடத் தூக்கமின்மை, அசதி, மனச்சோர்வு என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். எனவே தொகையைப் பார்ப்பதோடு நில்லாமல், எந்தக் கேள்விக்கு ‘ஆம்’ வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

பகலில் தூங்கி வழிவதில்லை என்பதால் ஒருவரை விட்டுவிடுவதும் ஆபத்தானது. மெல்போர்னின் தூக்க மருத்துவர் மரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் 24-க்கு எத்தனை என்று பகல் தூக்கத்தை மட்டுமே அளக்கிறது. மூச்சு நிற்பதை அன்று. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் பலர், மூச்சுத் தடை கடுமையாக இருந்தும், அந்த அளவுகோலில் குறைந்த எண்ணையே பெறுகிறார்கள்.

தனியாக உறங்குபவரிடம் “தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா?” என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். துணையை இழந்த முதியவருக்கு அந்த ‘இல்லை’ என்பதற்குப் பார்க்க ஆளில்லை என்றே பொருள். வேறு அறையில் படுக்கும் மகளையோ மருமகளையோ கேட்கலாம். கைப்பேசியில் ஓரிரவு ஒலியைப் பதிவு செய்யச் சொல்லலாம்.

வினாத்தாள் சந்தேகத்தை எழுப்பும், நோயை உறுதி செய்யாது. உறுதிக்குப் பரிசோதனை தேவை. ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் குறைவதும் 5 முதல் 15 முறைக்குள் என்றால் லேசானது, 30-ம் அதற்கு மேலும் என்றால் கடுமையானது. வீட்டில் செய்யும் எளிய கருவிப் பரிசோதனை எல்லோருக்கும் ஏற்றதன்று. இதய, நுரையீரல் நோய் முற்றியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், ஓபியாய்டு வலி மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆய்வகத்தில் முழு இரவுப் பரிசோதனையே தகும். அவர்களிடம் தொண்டை அடைபடாமலேயே, மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளை நின்றுபோகும் வகையும் இருக்கக்கூடும். இந்த வேறுபாடு சிறியதன்று: இதயத்தின் வெளியேற்றும் திறன் 45 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்து, இவ்வகை மிகுந்திருந்தவர்களுக்கு, மூச்சுக்கேற்பத் தானாகக் காற்றழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் முகமூடிக் கருவியைப் பொருத்திய ஆய்வில் இதய மரணங்கள் கூடின என்று 2015-இல் தெரியவந்தது.

பரிசோதனைக்குக் காத்திருக்கும் நாட்களில், தூக்கம் வரவில்லை என்பவருக்குப் பழக்கமாகத் தூக்க மாத்திரை எழுதுவது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தக்கூடும். நுரையீரல் அடைப்பு நோயும் இருப்பவருக்கு அளவு பாராமல் இரவில் ஆக்சிஜன் வைத்தால், ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிடக்கூடும். ஒருமுறை கேட்டாயிற்று என்று விட்டுவிடுவதும் சரியன்று. எடை ஏறும்போதும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும்போதும், புதிதாகக் கால் வீங்கும்போதும் மீண்டும் கேட்க வேண்டும். நோயாளி பேருந்தோ லாரியோ ஓட்டுபவராக இருந்து, ஓட்டும்போது கண் செருகுகிறது என்றும் சொன்னால், அவரை அடுத்த மாத வரிசையில் நிறுத்தாமல் அந்த வாரமே பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.