சாவியப் பத்திரமா வச்சிக்கிட்டு ஹைவ்ல எழுத வாங்க

பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம், ஆனித் தேரோட்டம்னு அஞ்சு வருசமா ஒரு சைட்டுல எழுதிக்கிட்டு இருந்தேன், ஒருநாள் அந்த சைட்டையே மூடிட்டாங்க, மூடப்போறோம்னு வந்த மெயில நான் பாக்கவே இல்ல, அத்தனையும் போச்சு. அந்த வயித்தெரிச்சல்ல கிடக்கும்போதுதான் பாளையங்கோட்டையில இருக்க எங்க சித்தப்பா மவன் "அண்ணே, பிளாக்செயின்ல எழுதுங்க, எவனோ ஒருத்தன் கடைய சாத்துனா எழுத்து போவாது"ன்னு ஹைவ்வ காட்டுனான். பிளாக்செயின்னா ஒரே பதிவேட்டோட நகல் பல பேரு கம்ப்யூட்டர்ல கிடக்கும், சுருக்கமா செயின்னு சொல்லுவோம், அப்படி ஒரு செயின்தான் ஹைவ். அதத்தான் இங்க சொல்லுதேன்.

2016ல ஸ்டீம்னு ஒரு செயின் வந்துச்சு, அதுல எழுதுத எடம் ஸ்டீமிட். 2020 தொடக்கத்துல ட்ரான்னு இன்னொரு கிரிப்டோ செயின ஆரம்பிச்ச ஜஸ்டின் சன் ஸ்டீமிட் கம்பெனிய வாங்கவும் அங்க இருந்தவங்கள்ல ஒரு கூட்டம் ஒத்துக்கிடாம, மார்ச் 20ஆம் தேதி செயின அப்படியே நகல் எடுத்துப் பிரிஞ்சு வந்து ஹைவ்னு பேர் வச்சாங்க. ஹைவ்ல எழுத வாசிக்க பீக்டி, எசென்சி, ஹைவ் பிளாக்னு பல சைட்டு இருக்கேன்னு குழம்பாதீங்க, தாமிரபரணிக்கு எத்தன படித்துறை, எந்தப் படியில இறங்குனாலும் தண்ணி ஒண்ணுதான. ஒண்ணுல போட்ட பதிவு எல்லாத்துலயும் தெரியும். ஆனா போட்டோ செயின்ல ஏறாது, அது தனி சர்வர்ல கிடக்கும், அதனால படத்துக்கு ஒரு காப்பி கையில வச்சிக்கிடுங்க.

கணக்கு இல்லாமலே வாசிக்கலாம், ஒரு வாரம் சும்மா சுத்திப் பாருங்க, தமிழ்னு தேடுங்க, பிடிச்ச கம்யூனிட்டி எதுன்னு பாத்து வைங்க. பொறவு ஹைவ் சைன்அப் பக்கத்துக்குப் போனா கணக்கு போட்டுத் தாறவங்க பட்டியல் இருக்கும், இலவசமா தாறதும் உண்டு, அதுவே போதும். பேர் 3 எழுத்துல இருந்து 16 எழுத்துக்குள்ள, இங்கிலீசு சின்ன எழுத்துலதான் இருக்கணும், ஒருதடவ வச்சிட்டா மாத்தவே முடியாது, அவசரப்படாதீங்க.

இப்ப சாவி, அதாவது கணக்குக்குள்ள போக பாஸ்வேர்டு மாதிரி இருக்குத நீள எழுத்து வரிசை. இத மட்டும் நிதானமா வாசிங்க அண்ணாச்சி. மாஸ்டர் பாஸ்வேர்டு ஒண்ணு, அதுல இருந்து ஓனர், ஆக்டிவ், போஸ்டிங், மெமோன்னு நாலு சாவி வரும். தெனமும் எழுத, ஓட்டுப் போட, கமெண்ட் பண்ண போஸ்டிங் சாவி மட்டும் போதும், காசு அனுப்ப ஆக்டிவ், ரகசியச் சேதிக்கு மெமோ, ஓனர் சாவிய பீரோவ விட்டு வெளிய எடுக்காதீங்க. பாஸ்வேர்டு மறந்துட்டுன்னு அமுக்குத பட்டனே இங்க கிடையாது, தொலைச்சா தொலைச்சதுதான். நான் பேப்பர்ல கையால எழுதுனேன், ஒரு சாவிக்கு 51 எழுத்து, 5ல ஆரம்பிக்கும், சைபரும் பெரிய ஓவும், பெரிய ஐயும் சின்ன எல்லும் குழப்பும்னு அதுல அந்த நாலுமே வராது, ஆனா எஸ், கே, டபிள்யூ எல்லாம் பெருசா சின்னதான்னு பாக்கணும். எங்க அம்மா ஸ்கிரீனப் பாத்து ஒவ்வொண்ணா "பெரிய கே, சின்ன எக்ஸ்"னு சொல்லச் சொல்ல நான் பேப்பர சரிபாத்தேன், ரெண்டு எடத்துல தப்பு இருந்துச்சு. பாக்காம விட்டுருந்தா இந்தக் கணக்கும் போயிருக்கும். அந்தப் பேப்பர் இப்ப ரேசன் கார்டு கவர்ல இருக்கு, இன்னொண்ணு எங்க அக்கா வீட்ல. போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஹைவ் கீசெயின்னு சாவிய வச்சிக்கிடுத ஆப் போட்டு அதுல போஸ்டிங் சாவிய ஏத்திக்கிடுங்க, கமெண்ட்ல பரிசு விழுந்துருக்குன்னு வர்ற லிங்க்ல சாவியப் போட்டுறாதீங்க.

மொதல்ல நீங்க யாருன்னு ஒரு அறிமுகப் பதிவு, பொறவு உங்க ஊரு விசயம். நான் பாய் பத்தித்தான் ஆரம்பிச்சேன், கோரைய ஆத்துல ஊறப் போட்டு, இழை இழையாக் கிழிச்சு எப்படி நெய்யுதாங்கன்னு எழுதுனேன். அடுத்தவங்க எழுத்த எடுத்துப் போட்டா டவுன்வோட், அதாவது எதிர் ஓட்டு விழும், பேரும் கெட்டுரும். புதுக் கணக்குல ரிசோர்ஸ் கிரெடிட், அதாவது எழுத, ஓட்டுப் போட செலவாகுத அளவு கம்மியாத்தான் இருக்கும், நாலஞ்சு தடவ எழுதுன உடனே நின்னுட்டா பயப்படாதீங்க, தானா ஏறும்.

காசு வருமான்னு எல்லாரும் கேக்காவ. பதிவுக்கு விழுத ஓட்ட வச்சி ஹைவ் கிரிப்டோ காசு பரிசா வரும், பதிவு போட்டு 7 நாள்ல விழுந்த ஓட்டுக்குத்தான் கணக்கு, பாதி எழுதுனவருக்கு, பாதி ஓட்டுப் போட்டவங்களுக்கு. உங்க பங்குல ஒரு பாகம் ஹைவ் பவரா, அதாவது கணக்குலயே பூட்டிக் கிடக்குத ஹைவ் காசா நிக்கும், அத வெளிய எடுக்க 13 வாரம், வாரம் ஒரு பங்குதான் வரும். நம்ம நாட்டுல கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, விக்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ்னு 2022ல கொண்டு வந்துட்டாங்க, அதையும் மனசுல வைங்க. கைக்காசு போட்டு இதுல இறங்காதீங்க, நான் ஒத்த ரூவா போடல.

கடைசியா ஒண்ணு, பதிவ எப்ப வேணா திருத்தலாம், ஆனா பழைய வடிவம் செயின்ல அப்படியே கிடக்கும், அழிக்க முடியாது. அதனால வீட்டு அட்ரஸு, போன் நம்பரு, பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துப் பேரு இதெல்லாம் உள்ள இருக்கான்னு ஒருதடவ முழுசா வாசிச்சுப் பாத்துட்டு பட்டன அமுக்குங்க.