சென்னையிலிருந்து சிங்கப்பூர்: வான்வழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, அதன் மேற்பரப்பில் வளைந்து செல்லும் பெருவட்டப் பாதைதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு சயின்டிபிக் கால்குலேட்டர் போதும்.

முதலில் விமான நிலையங்களின் இருப்பிடத்தை எடுங்கள், நகர மையத்தை அல்ல. மீனம்பாக்கம்: வடக்கு 12.99, கிழக்கு 80.17 டிகிரி. சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99. டிகிரி-நிமிடமாகக் கிடைத்தால் நிமிடத்தை 60ஆல் வகுத்துத் தசமமாக்குங்கள். 12 டிகிரி 59 நிமிடத்தை 12.59 என்று போட்டால் அதிலேயே 40 கி.மீ.க்கு மேல் பிசகும். தெற்கு, மேற்கு என்றால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி.

இனி இரண்டு அட்சரேகைகளின் (வடக்கு-தெற்கு எண்கள்) சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.0237 = 0.0053. அவற்றின் காஸ் மதிப்புகளையும், தீர்க்கரேகை (கிழக்கு-மேற்கு எண்கள்) வித்தியாசமான 23.82இன் காஸ் மதிப்பையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.9744 × 0.9997 × 0.9148 = 0.8911. கூட்டினால் 0.8964. இதற்குத் தலைகீழ் காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹) போட்டால் சுமார் 26.3 டிகிரி. பூமியின் சுற்றளவை 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ.; பெருக்கினால் ஏறத்தாழ 2,925 கி.மீ. விடை அபத்தமாக வந்தால் கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். விமானத் துறையில் பேசும் நாட்டிகல் மைல் வேண்டுமென்றால் 1.852ஆல் வகுங்கள்: சுமார் 1,580.

நேரத்துக்கு வருவோம். ஜெட் விமானத்தின் சராசரி வேகம் மணிக்கு 850 கி.மீ. என்று கொண்டால் 3.44 மணி. இதை 3 மணி 44 நிமிடம் என்று படித்துவிடாதீர்கள், 0.44 × 60 = 26 நிமிடம். ஏறி இறங்கும்போது வேகம் குறைவு, பாதையும் நேர்கோடல்ல. அதற்கு அரை மணி. ஓடுபாதை வரை ஊர்ந்து போகவும் வரவும் 20 நிமிடம். மொத்தம் 4 மணி 15 நிமிடத்தை ஒட்டி வரும். டிக்கெட்டில் காண்பதும் வாயிலிலிருந்து வாயில் வரையான இந்த நேரம்தான். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் போட்டிருப்பார்கள்.

டிக்கெட்டில் உள்ள மணிகள் அந்தந்த ஊர் மணிகள். இரவு 11:00க்குப் புறப்பட்டுக் காலை 5:45க்கு இறங்கினால் வித்தியாசம் 6:45. சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால் இருப்பதால் அதைக் கழித்தால் 4:15. திரும்பும்போது கூட்ட வேண்டும். அவசரத்தில் பலரும் இடறுவது இங்கேதான்.

நீண்ட பயணங்களில் இந்தச் சுலபக் கணக்கைக் காற்று கவிழ்த்துவிடும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோடை, குறிப்பாகக் குளிர்காலத்தில், மிக வலுவானது. 2016இல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கத்திலிருந்து பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் 1,400 கி.மீ. அளவுக்குக் கூடியது, பயண நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது. முதுகில் காற்று வாங்கிப் பறந்ததன் பலன். ஆகவே மேற்கே போகும் நீண்ட பயணத்துக்கு அரை மணி முதல் ஒன்றரை மணி வரை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு நாடு வான்வெளியை மூடியிருந்தால் பெருவட்டக் கணக்கு உதவாது. விமானம் சுற்றிப் போகும் வழியைத் துண்டு துண்டாக அளந்து கூட்டத்தான் வேண்டும்.