வேர்க்கும் சர்ச் ஜன்னல்: நான் சிலிக்கான் அடித்த கதை

இங்கிலாந்தில் நாங்கள் போகும் கிராமத்துப் பழைய சர்ச்சில் ஜன்னல்களைக் கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் குளிர்காலத்தில் வண்ணக் கண்ணாடியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மழை ஒழுகுகிறது என்று நினைத்தேன். இல்லை, ஐஸ் தண்ணீர் டம்ளர் போலக் கண்ணாடி வேர்த்திருந்தது.

1. முதலில் அளந்து பாருங்கள். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே பதிந்துவைக்கும் சின்னக் கருவி போதும். காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த கண்ணாடியில் நீர் படியும்.

2. சிலிண்டர் கேஸ் ஹீட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள். 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும்!

3. நான் சறுக்கிய இடம் இதுதான். பல ஜன்னல்களில் உட்பக்க அடிவிளிம்பில் வேர்வை நீர் சேர ஒரு சின்ன வாய்க்காலும், அது வெளியே வடிய ஒரு துளையும் இருக்கும். குளிர்காற்று வருகிறதே என்று அந்தத் துளையில் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையை அடித்துவிட்டேன். தண்ணீர் சுவருக்குள் இறங்கியது, பூச்சு உதிர்ந்தது. கல்லில் பதித்த இரும்புக் கம்பி துருப்பிடித்தால் உப்பிக் கல்லையே பிளந்துவிடும். நல்லவேளை, அதுவரை போகவில்லை. சுரண்டி எடுக்க இரண்டு சனிக்கிழமை போயிற்று. துளையை மரக்குச்சியால் மட்டும் குத்துங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, வெளியே வருகிறதா பாருங்கள்.

4. வாய்க்கால் நீரைப் பஞ்சால் ஒற்றலாம். ஓவியம் தீட்டிய பகுதியைத் துடைக்கவே கூடாது. பழைய வண்ணம் துணியோடு வந்துவிடும்.

5. கல்லெறிக்குப் பயந்தால், துருப்பிடிக்காத எஃகு வலை, கருப்புப் பூச்சோடு. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் தகடு எனக்கு ஆகாது: மஞ்சளாகும், மங்கும், இறுக்கி அடைத்தால் இடையிலேயே வேர்க்கும். விலைமதிப்பற்ற கண்ணாடிக்கு வெளியே இன்னொரு கண்ணாடி வைத்து, இடைவெளியில் உள்காற்று ஓடவிடுவார்கள். பழசு குளிராது, வேர்வை புதுசின் மேல் படியும். யார்க் நகரப் பேராலயமான யார்க் மின்ஸ்டரின் கிழக்குப் பெருஜன்னலில் (1405–1408) 311 கண்ணாடிப் பலகைகளும் பழுதுபார்க்கப்பட்டு 2018-இல் திரும்ப ஏறியபோது, அவற்றுக்குப் புறஊதாக் கதிரைத் தடுக்கும் காப்புக் கண்ணாடியும் வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் கட்டடம் என்றால் இதற்கெல்லாம் பேராயத்தின் அனுமதி வேண்டும், 'ஃபேகல்ட்டி' என்பார்கள்.

பின்சேர்ப்பு: "கதவைத் திறந்துவைத்தால் காய்ந்துவிடாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மழைவிட்ட வெதுவெதுப்பான வசந்த நாளில் நானும் திறந்தேன். வெளி ஈரம் உள்ளே வந்து, குளிர்ந்த கல் தரை முழுக்க நனைந்தது. உள்ளும் வெளியும் அளந்துவிட்டுத் திறவுங்கள்.